ஒரு படுக்கைப் பைக் கம்பெனியின் கதை

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர்களும் சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



மார்கழி, தை மாதங்களில் களத்து மேட்டில் நெல் அம்பாரத்துக்குக் காவல் படுத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். பனி இறங்கும். வைக்கோலைப் பரப்பி, இரண்டு கோணிச் சாக்கைப் பிரித்து ஒன்றாகத் தைத்து, அதற்குள் காலை விட்டுக்கொண்டு படுப்பதுண்டு. சூளைக்குக் காவல் இருக்கும் தோழர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. சூளையே அவர்களுக்குக் கம்பளி!

அந்தச் சாக்கையே நல்ல கம்பளியில் தைத்து, தலைமாட்டில் ஒரு ரப்பர் தலையணையை வைத்து, வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சூட்டி, காப்புரிமை வாங்கிப் பட்டாளத்துக்கு விற்றால் என்ன ஆகும்? அதன் பெயர் ஸ்லீப்பிங் பேக். நாம் படுக்கைப் பை என்று சொல்லிக்கொள்வோம். மலை ஏறுகிறவர்களும் பனிப் பிரதேசத்தில் காவல் நிற்கும் ஜவான்களும் இன்று பயன்படுத்துவது இதைத்தான். இதை முதன்முதலில் பெரிய அளவில் செய்து விற்ற ஒரு குடும்பக் கம்பெனியின் வரலாற்றை இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

பீங்கான் ஊரில் கம்பளிக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண்ணை நம்பி இந்த ஊரில் சூளைகள் எழுந்தன. அகல் விளக்கும், பொம்மையும், மின்சாரப் பியூஸ் கட்டையும் செய்யும் சிறு பட்டறைகளில் பல, குடும்பமாக நடத்துகிறவை. "குடும்பமாக உழைத்தால் முன்னுக்கு வரலாம், அந்த வெள்ளைக்காரனைப் பார்" என்று உபதேசிக்கிறவர்கள் உண்டு. சரி, அந்த வெள்ளைக்காரனையே பார்த்துவிடுவோம் என்றுதான் வந்தோம்.

வேல்ஸ் நாட்டில் செவெர்ன் நதிக்கரையில் நியூடவுன் என்று ஓர் ஊர். நமக்கு மணிமுத்தாறு போல அவர்களுக்கு அந்த ஆறு. சுற்றிலும் மலை, மலை எங்கும் ஆடு. ஆட்டு மயிரை நூற்று, பிளானல் என்ற மெல்லிய கம்பளித் துணியை நெய்வதுதான் ஊரின் தொழில். 1830களில் கட்டிய ஒரு நெசவுக் கட்டடம் அங்கே இன்றும் நிற்கிறது, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதன் அமைப்பைக் கேளுங்கள். கீழ் இரண்டு தளங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய சின்னஞ்சிறு வீடுகள். ஒரு வீட்டின் பின்சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் பின்சுவர். ஆகையால் ஒரு பக்கம் மட்டுமே ஜன்னல். மேல் இரண்டு தளங்கள், எல்லா வீடுகளின் தலைக்கும் மேலாக, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தறிக்கூடம். அங்கே மட்டும் வரிசையாக ஜன்னல்கள்! தறிக்கு வெளிச்சம் வேண்டுமே. படுக்கும் மனிதனுக்கு எதற்கு வெளிச்சம்? கட்டடம் கட்டியவனின் மனசு கட்டடத்திலேயே தெரிகிறது.

இந்த ஊரைப் பற்றி இன்னொரு செய்தி. தொழிலாளி வர்க்கம் மறக்கக்கூடாத ராபர்ட் ஓவன் 1771ல் பிறந்தது இங்கேதான். குதிரைச் சேணம் தைத்து, இரும்புச் சாமானும் விற்ற ஒருவரின் மகன். பத்து வயதில் ஊரை விட்டுப் போனார். ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையை நடத்தும்போது, சிறு குழந்தைகளை மில்லுக்குள் விடாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். எட்டு மணி நேர வேலை என்ற கோஷத்தை 1817லேயே எழுப்பினார். கூட்டுறவு என்ற எண்ணத்தை விதைத்தவர்களில் முதன்மையானவர். முதலாளிகளின் மனசை மாற்றிவிடலாம் என்று அவர் கடைசிவரை நம்பியது வேறு விஷயம், அது நடக்கவில்லை. 1858ல், 87 வயதில், சாவதற்கென்றே திரும்பி வந்தவர் போல நியூடவுனுக்கு வந்து அங்கேயே கண்ணை மூடினார். ஆற்றங்கரைக் கோயில் தோட்டத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

வேல்ஸ் நாட்டில் சாசன இயக்கத்தின் முதல் ஆர்ப்பாட்டம் 1838ல் நடந்ததும் இதே ஊரில்தான். பாட்டாளிக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்பதுதான் சாசன இயக்கத்தின் தலையாய கோரிக்கை. மறு வருஷம், ஆற்றின் மேல்பக்கம் உள்ள லானிட்லோஸ் என்ற நெசவு ஊரில் தொழிலாளிகள் எழுந்தார்கள். சில நாட்கள் ஊரே அவர்கள் கையில் இருந்தது. பிறகு பட்டாளம் வந்தது. சிலரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஆஸ்திரேலியா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மறுபடியும் வரும்.

இந்தப் பக்கத்தில்தான் 1834ல் பிரைஸ் ஜோன்ஸ் பிறந்தார். பன்னிரண்டாவது வயதில் நியூடவுனில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். இருபத்தைந்து வயதுக்குள் தானே ஜவுளிக்கடை நடத்துகிறவர் ஆனார். உழைப்பாளி, கெட்டிக்காரர், சந்தேகம் இல்லை. அதை மறைத்துப் பேசுவது நமக்குத் தேவையும் இல்லை. அவருடைய கெட்டிக்காரத்தனம் எதில் இருந்தது என்பதுதான் கேள்வி.

அவர் தறியில் உட்கார்ந்தவர் அல்ல. புதுத் தறி எதையும் கண்டுபிடித்தவரும் அல்ல. இங்கிலாந்தில் 1840ல் பென்னி தபால் வந்தது. ஒரு பென்னி கொடுத்தால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும். 1861க்குள் ரயில் பாதை நியூடவுனை வெளியுலகத்தோடு இணைத்துவிட்டது. இந்த இரண்டையும் பிரைஸ் ஜோன்ஸ் முடிச்சுப் போட்டார். பிளானல் துண்டுகளை மாதிரிக்கு வெட்டி, விலைப்பட்டியலோடு பணக்காரர் வீடுகளுக்குத் தபாலில் அனுப்பினார். அவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே விரும்பியதைக் குறித்து எழுதினார்கள். சரக்கு ரயிலில் போய்ச் சேர்ந்தது. இன்று கைப்பேசியில் விரலால் தட்டிச் சாமான் வாங்குகிறோமே, அந்த வியாபாரத்துக்குத் தாத்தா இது. விக்டோரியா ராணியே வாடிக்கையாளர் ஆனார். போரில் காயமடைந்தோருக்குச் சிகிச்சை செய்த நைட்டிங்கேல் அம்மையாரும் வாங்கினார். 1880 வாக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் வாடிக்கையாளர்கள்!

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். தபால் யாருடையது? சர்க்காருடையது, அதாவது ஜனங்கள் வரிப்பணத்தில் நடந்தது. ரயில் பாதை எப்படி வந்தது? மலையைக் குடைந்து மண் சுமந்த ஆயிரக்கணக்கான கூலிகளால் வந்தது. பிளானலை நெய்தது யார்? ஒரு பக்க ஜன்னல் வீட்டுக்காரர்கள். இவை மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு கடை போட்டவர் பெயர் மட்டும் சரித்திரத்தில் நிற்கிறது. கடை போட்டதும் ஒரு வேலைதான். ஆனால் நான்கில் ஒன்று.

இனி பைக்கு வருவோம். 1876ல் பிரைஸ் ஜோன்ஸ் ஒரு கம்பளிக்குக் காப்புரிமை பதிந்தார். "யூக்ளிஸியா ரக்" என்று கிரேக்கச் சாயலில் ஒரு பெயர். பெயர்தான் பெரியது, பொருள் எளியது. ஒரு கம்பளி, அதன் மேல்பகுதியில், ஒரு ஓரமாக, பை போலத் தைத்து அதற்குள் காற்றடைத்த ரப்பர் தலையணை. தலையணை மேல் தலையை வைத்து, மிச்சக் கம்பளியை உடம்பைச் சுற்றி மடித்து மாட்டிக்கொண்டால் பை ஆகிவிடும். காலையில் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு நடக்கலாம். நம் களத்து மேட்டுச் சாக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ரப்பர் தலையணையும் காப்புரிமைக் காகிதமும்தான் என்று சொன்னால் சற்று மிகையாக இருக்கும். ரொம்பவும் மிகையாக இருக்காது!

அடுத்த வருஷம், 1877 ஏப்ரலில், ருஷ்ய ஜாருக்கும் துருக்கி சுல்தானுக்கும் யுத்தம் மூண்டது. ஜாரின் பட்டாளத்துக்குப் படுக்கை வேண்டும். நியூடவுன் கடைக்கு ஆர்டர் போயிற்று: 60,000 படுக்கைப் பைகள்! கம்பெனியின் வரலாற்றில் பெரிய ஆர்டர். சின்ன ஊர் ஒன்றில் இப்படி ஓர் ஆர்டர் இறங்கினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பளி வெட்டுகிறவன், தைக்கிறவள், மூட்டை கட்டுகிறவன், ஸ்டேஷனுக்கு வண்டி ஓட்டுகிறவன் எல்லோருக்கும் கை நிறைய வேலை.

யுத்தத்தின் மையம் பிளெவ்னா. இன்றைய பல்கேரியாவில் உள்ள ஊர். துருக்கித் தளபதி உஸ்மான் பாஷா அங்கே கோட்டை கட்டிக்கொண்டு ஐந்து மாதம் தாக்குப்பிடித்தார். 1877 டிசம்பர் 10ந் தேதி பிளெவ்னா விழுந்தது. ருஷ்யத் தலைநகரில் விருந்து, வாணவேடிக்கை. நியூடவுனுக்கு என்ன வந்தது? மீதி ஆர்டர் ரத்து! வாங்க ஆள் இல்லாமல் 17,000 பைகள் தேங்கிவிட்டன.

இதில் ஒரு கொடுமையைக் கவனிக்க வேண்டும். பிளெவ்னா விழுந்ததோடு பனி நின்றுவிட்டதா? ஷிப்கா என்ற மலைக் கணவாயில் ருஷ்யச் சிப்பாய்கள் 1878 ஜனவரி வரை உறைபனியில் கிடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குடியானவன் வீட்டுப் பிள்ளைகள். பதினாறு வருஷம் முன்புதான் பண்ணை அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட குடும்பங்கள். குண்டு பட்டுச் செத்தவர்கள் போக, குளிரில் விறைத்துச் செத்தவர்களும் ஏராளம். ருஷ்ய ஓவியர் வெரெஷ்சாகின் இதைப் படமாக எழுதினார்: காவல் நிற்கும் ஒரு சிப்பாய், மூன்று படங்களில், முழங்கால் வரை பனி, இடுப்பு வரை பனி, பிறகு பனிமேடு மட்டும். ஒரு பக்கம் சிப்பாய் விறைத்துச் சாகிறான். இன்னொரு பக்கம் அவனுக்கென்று தைத்த பைகள் கிடங்கில் தேங்குகின்றன. ஆர்டர் போட்டவன் குளிரை எண்ணிப் போடவில்லை. வெற்றியை எண்ணிப் போட்டான். வெற்றி வந்ததும் நிறுத்திவிட்டான்.

சரி, 17,000 பைகள் என்ன ஆயின? ஒரே சரக்கை ஒரே ஆளுக்கு விற்கும் பட்டறையாக இருந்தால் அன்றோடு கதவை மூடியிருக்கும். நம் ஊர் அகல் விளக்கை நினைத்துப் பாருங்கள். கார்த்திகைத் தீபம் முடிந்த மறுநாள் தேங்கிய விளக்கை யார் கேட்பார்? அடுத்த கார்த்திகை வரை அதை வைத்துக்கொண்டு, மண்ணுக்கும் விறகுக்கும் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுகிறவன் சின்னப் பட்டறைக்காரன். அதற்கும் முன்னால் வேலை இழந்து வீட்டில் உட்காருகிறவன் கூலியாள். பிரைஸ் ஜோன்ஸிடம் அந்த நிலைமை இல்லை. அவர் கையில் விலைப்பட்டியல் இருந்தது, தபால் இருந்தது, ஆயிரமாயிரம் முகவரிகள் இருந்தன. தேங்கிய பைகளை மலிவுப் படுக்கை என்று பட்டியலில் சேர்த்தார். ஏழைகளுக்குத் தருமம் செய்யும் சங்கங்கள் வாங்கின. ஜார் வேண்டாம் என்று தள்ளியதை இங்கிலாந்தின் ஏழை போர்த்திக்கொண்டான்! பிறகு பிரிட்டிஷ் பட்டாளமும் வாங்கியது. ஆஸ்திரேலியாவின் காடுமேடுகளில் திரிகிறவர்களுக்கும் விற்றது. நாற்பது வருஷம் முன்பு நெசவாளிகளை விலங்கு மாட்டிக் கப்பலேற்றிய அதே ஆஸ்திரேலியாவுக்கு இப்போது கம்பளி கப்பலேறியது.

நஷ்டப்பட்ட கம்பெனி இரண்டே வருஷத்தில், 1879ல், ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாடமாளிகை போல ஒரு பண்டகசாலை கட்டியது. 1883ல் சர்க்கார் பார்சல் தபாலைக் கொண்டுவந்தபோது முதலில் பலன் அடைந்தவர்களில் இவரும் ஒருவர். 1885ல் பழமைக் கட்சியின் சார்பில் பார்லிமெண்டுக்குப் போனார். 1887ல் ராணி "சர்" பட்டம் கொடுத்தார். பட்டத்தோடு தம் பெயரையும் பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் என்று இரட்டிப்பாக்கிக்கொண்டார். சரக்கு தேங்கலாம், பெயர் பெருகலாம்!

நெசவாளிகள் என்ன ஆனார்கள்? உபதேசிகள் சொல்லாமல் விடும் பகுதி இதுதான். வடக்கே லங்காஷயரில் ராச்டேல் என்று ஒரு பிளானல் ஊர். நிலக்கரி பக்கத்திலேயே கிடைத்தது. நீராவித் தறிகள் ஓடின. நியூடவுனில் நிலக்கரி இல்லை. ராச்டேல் துணி மலிவாக வந்து விழ, நியூடவுன் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நெசவாளி குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பிழைப்புத் தேடிப் போயின. ஊரின் பெரிய ஆலையான கேம்ப்ரியன் மில் மூன்றாவது முறை தீக்கு இரையானது. முதல் உலக யுத்தத்துக்குச் சற்று முன்பு. அதன் பிறகு யாரும் அதைக் கட்டவில்லை. பிளானல் ஊரின் பிளானல் தொழில் அத்தோடு ஓய்ந்தது. பண்டகசாலை மட்டும் ஓயவில்லை. தறி நின்றாலும் பண்டகசாலை நிற்காது. எங்கிருந்து வந்த துணியானாலும் தபாலில் விற்கலாம் அல்லவா? ஒரே ஊர், ஒரே துணி. செய்கிறவன் வீழ்ந்தான், சந்தைக்குப் போகும் வழியைக் கையில் வைத்திருந்தவன் நின்றான்.

ராச்டேல் நெசவாளிகள் மட்டும் சொகுசாக இருந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கூலி உயர்வுக்குப் போராடித் தோற்று, கலப்பட மாவையும் கடன் சாமானையும் தின்று சலித்த அந்த ஊர்த் தொழிலாளிகள், 28 பேர், 1844 டிசம்பர் 21ந் தேதி சொந்தப் பணத்தில் ஒரு சிறு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், சில மெழுகுவத்திகள், அவ்வளவுதான் சரக்கு. உலகத்தின் கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் தங்கள் தாய் என்று காட்டும் கடை அது. அதைத் திறந்தவர்களில் பலர் ராபர்ட் ஓவனின் கருத்தைப் படித்தவர்கள். பாருங்கள்: நியூடவுனில் பிறந்த ஓவனின் எண்ணம் ராச்டேல் நெசவாளிக்குப் போய்க் கடையாயிற்று, நியூடவுன் நெசவாளிக்குக் கடை கிடைக்கவில்லை, பிரைஸ் ஜோன்ஸின் கடைதான் கிடைத்தது. 1902ல் ஓவனின் கல்லறையைச் செப்பனிட்டவர்கள் கூட்டுறவுச் சங்கத்தார்.

குடும்பத்தின் கதையையும் முடித்துவிடுவோம். பிள்ளைகள் வியாபாரத்துக்கு வந்தார்கள். மூத்த மகனும் பார்லிமெண்டுக்குப் போனார். 1918ல் அவருக்கும் பரம்பரைப் பட்டம் கிடைத்தது. 1911ல் கனடாவின் கால்கரி நகரில் குடும்பத்தார் ஒரு பெரிய கடை திறந்தார்கள். 1920ல் தகப்பனார் காலமானார். பிறகு பெரிய நகரங்களில் பெரிய கடைகள் வந்தன, தபால் வியாபாரத்தில் போட்டியாளர் பெருகினர். 1938ல் லிவர்பூல் நகரத்து லூயிஸ் கம்பெனி இந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது. சின்ன மீனைத் தின்ற மீனை அதைவிடப் பெரிய மீன் தின்றது. குடும்பம் தெருவுக்கு வந்ததா? வரவில்லை. மூடிய தறியின் நெசவாளிக்கும் விற்ற கம்பெனியின் முதலாளிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இது நூறு வருஷம் முந்திய சங்கதி, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். 1984 முதல் சியாச்சின் பனிமலையில் நம் ஜவான்கள் காவல் நிற்கிறார்கள். இந்த ராணுவத்துக்கு உடுப்பும் கூடாரமும் மற்ற சாதனங்களும் தைத்துக் கொடுத்தவை சர்க்கார் தொழிற்சாலைகள்; நம் ஆவடியில் 1961ல் தொடங்கிய உடுப்புத் தொழிற்சாலை அதில் ஒன்று. 2021ல் டில்லி சர்க்கார் படைத்தளவாடத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தது. ஆவடியும், கான்பூரும், ஷாஜகான்பூரும், ஹஸ்ரத்பூரும் ஒரே கம்பெனிக்குள் வந்தன. தொழிலாளிகள் எதிர்த்தார்கள். வேலைநிறுத்தம் செய்ய முடியாதபடி அதே வருஷம் ஒரு சட்டம் கொண்டுவந்து ஓராண்டுக்கு வாயைக் கட்டினார்கள். அந்தத் தொழிலாளிகள் கேட்டது வேறொன்றும் இல்லை: "நாளைக்கு ஆர்டர் வராவிட்டால் எங்கள் கதி என்ன?" பிளெவ்னா விழுந்த மறுநாள் நியூடவுனில் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு எழுந்திருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

விருத்தாசலத்துக்கு வருவோம். வீட்டுச் சுவரில் பீங்கான் பியூஸ் கட்டை இருந்த இடத்தில் தானாக விழும் சுவிட்சு வந்துவிட்டது. அகலும் பொம்மையும் வாங்க வரும் மொத்த வியாபாரி, விலையை அவனே சொல்லிவிட்டுப் போகிறான். பட்டறைக்காரர் கூலியாளிடம் "எனக்கே கட்டவில்லை" என்கிறார். பல நேரம் அது உண்மையும்கூட. ஆகையால் சின்னப் பட்டறைக்காரரைப் பார்த்து மட்டும் கோபப்படுவதில் நம் பலம் எல்லாம் செலவாகக்கூடாது. மண் கிடைக்கும் வழி நெய்வேலியில் இருக்கிறது. விற்கும் வழி வியாபாரியின் கையில் இருக்கிறது. நடுவே நெருப்பில் நிற்பது மட்டும் நம்முடைய பங்கு. பட்டறைக்காரர்கள் சேர்ந்து கூட்டுறவாக மண் எடுக்கவும் விற்கவும் முடிந்தால் நாம் எதிர்க்கப் போவதில்லை; அந்தக் கூட்டுறவின் கணக்குப் புத்தகத்தில் கூலிக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்போம். தேக்கம் வந்தால் எத்தனை நாள் கூலி, யார் தருவது என்பதை ஆர்டர் வரும் நாளிலேயே எழுதி வாங்க வேண்டும். ரத்தான பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

அறுவடைக் கூலி பற்றி விவசாயத் தொழிலாளி தோழர்கள் பேச வேண்டியிருக்கிறது. ராத்திரி சூளைக்கு நெருப்புப் பார்க்கப் போகிறவர்கள் எழுந்து நிற்பதும் தெரிகிறது. அவர்கள் கேட்க வேண்டியதை முதலில் கேட்கட்டும், நாம் உட்காருகிறோம்.